ஆளுநருக்குப் பின்னால் நின்ற அப்பா

அப்பா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறுகிறது. இந்நினைவு மலரைப் பெறும் உறவினர் சிலருக்கு அவர்மீது மனக்குறை உண்டென்பதை அறிவேன். மணவீடுகளில் அவர் எவரையும் முகம்பார்த்து வரவேற்றதில்லை, ஓரிடத்தில் அமர்ந்ததுமில்லை. அது செருக்கன்று. சிங்கப்பூர் ஆளுநரின் மெய்க்காவலர் தலைவராக இருந்தவர் அவர். வருவோரின் கைகளைப் பார்ப்பதே அவர் தொழில்.

நாகப்பட்டினத்தை அடுத்த ஊரில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தமையனாருடன் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். பெரியப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்து அவரைப் படிக்கவைத்தார். காவல் பணியில் சேர்ந்த அப்பாவை அவருடைய உயரமும் நிதானமும் ஆளுநர் மாளிகைவரை கொண்டுசென்றன. ஆளுநர்கள் மாறினர், இரண்டடி பின்னால் நின்ற அப்பா மாறவில்லை.

ஒருமுறை ஆளுநர் துறைமுகத்தைப் பார்வையிட வந்தார். பெரியவர்களைக் காணும்போது எலுமிச்சம்பழம் கொடுப்பது நம் வழக்கம். தம்பியின் துரைக்குத் தம் கையால் கொடுக்க விரும்பிய பெரியப்பா, முன்னே வந்து, பழத்தை எடுக்க வேட்டி மடிக்குள் கைவிட்டார். அப்பா அந்தக் கையைப் பற்றி முறுக்கி அவரைத் தரையில் வீழ்த்தினார்.

"டேய், நான்டா. உன் அண்ணன்டா."

ஆளுநர் நடந்துகொண்டிருந்தார். அப்பாவும் திரும்பிப் பாராமல் பின்சென்றார்.

மணிக்கட்டு முறிந்தது. பெரியப்பாவால் அதன்பின் மூட்டை தூக்க இயலவில்லை. "கூடப்பொறந்தவனையே தெரியல, இவருதான் தொரைக்குக் காவலாம்" என்று துறையில் பல நாள் சிரித்தார்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்கச் சென்ற அப்பாவிடம், "கவர்னர் வீட்டு ஆளுக்கு இங்க என்ன வேலை?" என்று கூறிப் பெரியப்பா கதவைச் சாத்தினார்.

பிறகு ஓய்வுநாள்தோறும் சிராங்கூன் சாலை வீட்டிலிருந்து அப்பா தஞ்சோங் பகார்வரை நடப்பார். பெரியப்பாவின் தெருமுனையில் நின்று திரும்புவார்.

"உள்ள போகாம திரும்புறதுக்கா இம்புட்டு தூரம் நடக்குறீங்க?" என்பார் அம்மா.

"வாசல்ல உக்காந்திருந்தாரு. பாத்தேன்."

"பேச வேண்டியதுதானே?"

அப்பா மீண்டும் தெருவில் இறங்கிவிடுவார். இப்படியே ஆண்டுகள் பல கழிந்தன.

நெஞ்சுநோயால் படுத்த இறுதி வாரங்களிலும் காலடியோசை கேட்டால் எழ முயன்றார். அம்மா ஆளனுப்பினார். ஒரு முற்பகலில் பெரியப்பா வந்தார். அப்பாவின் பார்வை முதலில் அவர் கைகளுக்கே சென்றது. பெரியப்பா கட்டிலருகே அமர்ந்து இரு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்று கோணியிருந்தது.

"பாத்துட்டியா? ஒண்ணும் இல்ல. இப்ப மூஞ்சியப் பாருடா."

அப்பா பார்த்தார். "அன்னிக்கு நான் திரும்பியிருக்கணும்ணே."

"ஆமா, திரும்பியிருக்கணும்" என்றார் பெரியப்பா. ஆனால் எழுந்து போகவில்லை. அப்பாவின் இறுதி நாள்வரை எங்களுடனேயே தங்கினார்.

மருந்தளித்த வைத்தியருக்கும், உணவு கொணர்ந்த அண்டை வீட்டாருக்கும், வேலையை விட்டு வந்து பாடை சுமந்த துறைமுகத் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. பெரியப்பாவின் பெயரையும் இவ்வரிசையில் எழுதிப் படித்துக் காட்டினேன். "அதை அடிச்சிடும்மா. நான் என்ன விருந்தாளியா?" என்றார். அடித்துவிட்டேன். கீழே நன்றி கூறும் குடும்பத்தார் பெயர்களில், அம்மாவின் பெயருக்கும் முன்னதாக, அவர் பெயர் இருக்கிறது.