ஜீப் நின்ற இடத்தில் பீன்ஸ்

அப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் அம்மா அவருடைய ஜீப்பை இரும்புக்கடைக்காரரிடம் தள்ளிவிட்டாள். ஏற்காட்டிலிருக்கும் எங்கள் சொந்தக்காரர்களுக்குப் பல மாதம் மெல்ல அது ஒன்றே போதுமானதாக இருந்தது.

அது ஓடாத ஜீப். எஸ்டேட்டில் டிரைவராக இருந்த அப்பா, அங்கே கழித்துப் போட்டதை வாங்கிவந்து எங்கள் வீட்டுப் பின்வாசலில் நிறுத்தியது. அதற்குப் பிறகு அது அங்கிருந்து ஓர் அடி நகரவில்லை. கொத்தமல்லி போடக் கொஞ்சம் இடம் வேண்டும் என்று அம்மா கேட்டால், “உனக்கு எடம் வேணும்னா சுடுகாட்டுல இருக்குது, போ” என்பார். கடைசியில் அவர்தான் முதலில் போனார். இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

ஜீப்பின் பின்கதவை மட்டும் அம்மா கொடுக்கவில்லை. அந்தக் கதவில்தான் அவளுடைய வலது கட்டைவிரல் நசுங்கியது. சாத்தியது அப்பா. கை அங்கே இருப்பது தெரிந்து சாத்தினாரா, தெரியாமல் சாத்தினாரா என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. விரல் ஒரு பக்கம் சப்பையாகி, நகம் திரும்ப முளைக்காமலே போனது. “இது மட்டும் இங்க கெடக்கட்டுங்க” என்று அந்தக் கதவைக் கழற்றி வாங்கிக்கொண்டாள்.

ஜீப் நின்ற இடத்து மண் ஆயில் குடித்துக் கருத்திருந்தது. அம்மா அதை முழங்கால் ஆழம் வெட்டி வெளியே கொட்டினாள். சவுக்கு மரத்தடிச் சருகு, சாணம், காப்பிப்பழத்தை உரித்துக் கழித்த பழைய தொலி எல்லாம் போட்டு மேடான பாத்தி கட்டினாள். புதுத்தொலி போட்டால் சூடேறி வேர் வெந்துபோகும் என்று பழசாகப் பார்த்துக் கேட்டு வாங்கிவந்தாள். மூன்று பக்கம் கல். நாலாவது பக்கம் ஜீப்பின் பின்கதவைப் பாதி புதைத்து நிறுத்தினாள்.

சேலத்தில் கடை வைத்திருக்கும் என் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். அம்மாவைத் தன்னோடு கூட்டிப் போய்விட்டு, இந்த வீட்டை டூரிஸ்ட்டுக்கு காட்டேஜாக விடவேண்டும் என்பது அவன் திட்டம். நான் ஏற்காட்டிலேயே ஒண்டிக்கடைப் பக்கம் ஒரு ஓட்டலில் வேலை செய்துகொண்டு அங்கேயே தங்கியிருக்கிறேன். அம்மாவை வந்து பார்த்துக்கொள்வேன். ஆனால் மகள் என்ன சொன்னாலும் அவன் கணக்கில் சேராது.

“ஆயில் குடிச்ச மண்ணுல புல்லுகூட மொளைக்காதுங்கம்மா. சும்மா முதுக ஒடிச்சுக்காதீங்க. பேசாம எங்கூடக் கெளம்புங்க” என்றான்.

“தீவாளிக்குள்ள இதுல பீன்ஸ் காய்ச்சா நான் இங்கயே இருந்துக்கறேன். காய்க்காட்டி நீ கூப்புட்ட எடத்துக்கு வர்றேன் சாமி” என்றாள் அம்மா.

அண்ணன் ஒத்துக்கொண்டான். அவனுக்கு அது ஜெயித்த பந்தயம்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பீன்ஸ் பூத்து, ஊசி ஊசியாகப் பிஞ்சு இறங்கியிருந்தது. அம்மா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் பிஸ்கட் போட முடிவு செய்தாள்.

பண்டிகை பிஸ்கட்டுக்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. மாவு, சர்க்கரை, வனஸ்பதி எல்லாம் வீட்டில் பிசைந்து, தட்டில் அடுக்கி, பேக்கரிக்கு எடுத்துப் போனால் அவர்கள் விறகடுப்பில் வைத்துச் சுட்டுத் தருவார்கள். அம்மா ஒவ்வொரு பிஸ்கட்டின் நடுவிலும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்குவாள். அந்தச் சப்பை விரலின் குழி ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். வருடா வருடம் முதல் பிஸ்கட்டை அப்பா எடுத்துக் கடிப்பார், துப்புவார், மீதியைப் பின்வாசலில் எறிவார். அப்புறம்தான் நாங்கள் தொடலாம்.

ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை எண்ணெய்ச்சட்டி வைக்கக்கூடாது, பலகாரம் செய்யக்கூடாது. மற்றவர்கள்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அம்மாவுக்கு இது தெரியாமல் இல்லை. தட்டு தட்டாகச் சுட்டு வந்து, சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினாள்.

தீபாவளியன்று காலையில் தட்டுகள் வரிசையாகத் திரும்பி வந்தன. ஒரு பிஸ்கட்கூடக் குறையவில்லை. செம்மநத்தத்திலிருந்து அத்தை நேரிலேயே வந்துவிட்டாள். வாசலுக்கு உள்ளே கால் வைக்கவில்லை.

“ஏனுங்கண்ணி, எங்கண்ணன் போயி வருசம் திரும்பல. உங்களுக்கு அதுக்குள்ள பிஸ்கட் கேக்குதா?”

“எங்கூட்டுல எண்ணெச்சட்டி வெக்கலீங்களே. அடுப்பு பேக்கரிக்காரருதுங்க” என்றாள் அம்மா.

அத்தை தட்டைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். வைத்த வேகத்தில் பாதி பிஸ்கட் உடைந்தது. அம்மாவின் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

பண்டிகைக்கு அண்ணியோடு வந்திருந்த அண்ணன் வீட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்தான். மானம் போச்சு, மரியாதை போச்சு என்று ஒரே கூச்சல். நடுவில் பின்வாசலுக்குப் போய், காய் பிடித்திருந்த பீன்ஸ் கொடியைப் பார்த்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு கூச்சல் அடங்கிவிட்டது. திரும்பி வந்த பிஸ்கட்டையெல்லாம் அவனே ஒரு டின்னில் கொட்டினான். “நாளைக்கு ஊருக்குப் போறப்ப குப்பையில போட்டர்றேங்கம்மா. நீங்க அதையே பாத்துட்டு உக்காராதீங்க” என்றான். குரல் அவ்வளவு கனிவு. அந்தக் கனிவைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் அம்மா போன் செய்தாள். ஓடினேன். பாத்தியே இல்லை. காட்டுப்பன்றிகள் இறங்கி உழுது போட்டிருந்தன. பின்வாசல் கம்பிவேலி சாய்ந்து, கல்லெல்லாம் உருண்டு, பீன்ஸ் கொடி வேரோடு கிடந்தது. ஜீப் கதவு மட்டும் நின்றிருந்தது.

அண்ணன் காப்பி டம்ளரோடு நின்றான். “பாத்தீங்களாம்மா? இதுக்குத்தான் சொன்னேன். பன்னி வர்ற எடத்துல நீங்க ஒத்தையில எப்புடி இருப்பீங்க? துணியை எடுத்து வைங்க, போலாம்.”

அம்மா குனிந்து மண்ணுக்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். பிஸ்கட். அடுத்து இன்னொன்று. மண் அப்பியிருந்தாலும் அந்தச் சாய்ந்த குழி தெரிந்தது. கொடி ஓடிய வரிசைக்கு நேராக, ஆழமாகப் புதைத்திருந்தார்கள்.

பலாத்தோலைக்கூட வீட்டுப் பின்னால் போடக்கூடாது, பன்றி மோப்பம் பிடித்து வரும் என்பது இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அண்ணனும் இங்கே பிறந்தவன்தான். குழாயடியில் பிஸ்கட் டின் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தான் சாப்பிட்ட தட்டைக்கூட வாழ்நாளில் கழுவியிராத மனிதன் அவன். அந்த டின்னாலேயே அவன் மண்டையைப் பிளக்கலாமா என்று எனக்கு வந்தது.

அம்மா கிடைத்ததையெல்லாம் பொறுக்கினாள். அத்தை திருப்பிக் கொடுத்த அதே தட்டில் மண்ணோடு அடுக்கி, உள்ளே கொண்டுபோய் அண்ணன் முன்னால் வைத்தாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்புடு சாமி. பன்னிக்குப் போட்டது போக மீதி இருக்குது.”

“என்னங்கம்மா இது, மண்ணு” என்றான். முகம் வெளுத்துவிட்டது.

“உங்கப்பன் வருசா வருசம் ஒண்ணே ஒண்ணக் கடிச்சுத் துப்புவாரு. நீ எல்லாத்தையும் கொண்டுபோயி மண்ணுல போட்டுட்ட. அவரு எவ்வளவோ பரவால்ல சாமி.”

அம்மா குரலை உயர்த்தவில்லை. அப்பாவை அவள் புகழ்ந்து நான் கேட்டது அது ஒருமுறைதான். அண்ணி தட்டைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். துணி எடுத்து வைப்பதைப் பற்றி அப்புறம் யாரும் பேசவில்லை. கார் குப்பனூர் ரோட்டில் இறங்கியது. அதற்குப் பிறகு அண்ணன் வரவில்லை.

அம்மா அந்த வாரமே பாத்தியைத் திரும்பக் கட்டினாள். இப்போது அதில் பீன்ஸும் முள்ளங்கியும் இருக்கின்றன. வருடம் திரும்பிவிட்டதால் இந்தத் தீபாவளிக்கு அவள் போட்ட பிஸ்கட்டை எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அத்தை ஒன்றுக்கு இரண்டாகத் தின்று, சர்க்கரை தூக்கல் என்றாள்.

டின்னில் கடைசியாகக் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. “அண்ணனுக்குக் குடுத்தனுப்பட்டுமா?” என்று கேட்டேன்.

“எதுக்குக் கண்ணு உனக்கு அலைச்சல்? பாத்தியிலயே பொதைச்சு வெக்கறேன். வந்து நோண்டித் தின்னுட்டுப் போகச் சொல்லு” என்றாள் அம்மா.

உடனே அவனுக்குப் போன் போட்டேன். அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.