போணிக்குக் கொடுத்த ஒரு கட்டு

அன்று காலை யார்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் அக்காவைக் கட்டிய மச்சான். எங்கள் ரூமில் கூட இருந்த சமையல்கார அண்ணன், பரமக்குடிப் பக்கம். முந்தின ராத்திரி துறைமுகத்திலிருந்து விறகு ஏற்றி வந்து இறக்கிவிட்டு, லாரிக் கேபினுக்குள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிய பாகிஸ்தான் டிரைவர். ஐந்தாவது, பழைய பிக்கப்பில் வந்த சவுதிப் பெரியவர் ஒருவர். இதைப் பிற்பாடு அத்தனை பேரிடமும் சொல்லவேண்டி வந்ததால் எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ரியாத்துக்கு வெளியே, பெரிய ரோட்டை ஒட்டி விறகு யார்டுகள் வரிசையாக இருந்தன. அந்த வெயிலூரில் விறகு விற்றேன் என்று சொன்னால் எங்கள் பக்கம் யாரும் நம்ப மாட்டார்கள். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர்க் குழாயைத் தொட்டால் கை விறைக்கும். வீட்டுக்கு வீடு, விருந்தாளி உட்காரும் பெரிய அறையில் கணப்பு மூட்டி, அதைச் சுற்றி உட்கார்ந்துதான் காப்பி குடிப்பார்கள். யாவாரம் இரண்டரை மாதம். அதில் சம்பாதித்ததை வைத்துத்தான் மற்ற மாதங்களை ஓட்ட வேண்டும். லைசென்ஸ், எங்களுக்கு விசா கொடுத்த சவுதி முதலாளி, கஃபீல் பேரில். நாங்கள் அவருக்கு மாதாமாதம் ஒரு தொகை கட்டிவிட வேண்டும். சரக்கு, லாபம், நட்டம் எல்லாம் எங்கள் தலையில்.

உள்ளூர் மரத்தை வெட்டவும் கூடாது, விற்கவும் கூடாது. பாலைவனத்தில் இருப்பதே கொஞ்சம், அதையும் வெட்டித் தீர்த்தால் என்ன மிஞ்சும் என்று சட்டம் போட்டிருந்தார்கள். கப்பலில் வரும் ஆப்பிரிக்க விறகை மட்டும், அதற்குரிய பேப்பரோடு விற்கலாம். ஆனால் வாங்குகிறவர்களுக்கு உள்ளூர் விறகின் மேல்தான் கண். புகை கண்ணைக் கரிக்காது, தணல் விடியும்வரை நிற்கும் என்பார்கள். தடை போட்டதும் அதன் விலை மூன்று மடங்காகிவிட்டது. பக்கத்து யார்டுகளில் தார்ப்பாய்க்கு அடியில் வைத்து விற்றார்கள். நாங்கள் விற்கவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். எனக்குப் பயம். எட்டாவதோடு நின்றவன், அரபியில் ஸ்டாம்பு அடித்த எந்தத் தாளையும் இரண்டு பேரிடம் காட்டிக் கேட்காமல் விடமாட்டேன். துறைமுகப் பேப்பரைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பேன், குளிக்கப் போகும்போதுகூட.

"பேப்பரை வச்சிக்கிட்டுத் தூங்குறான், பொண்டாட்டி போட்டோ மாதிரி" என்பார் மச்சான்.

அந்த லோடு எங்கள் காசு இல்லை. சமையல்கார அண்ணனின் காசு. கம்பெனி மெஸ்ஸில் பதினாலு வருஷம் சட்டி கழுவி, சோறு வடித்து, முட்டி தேய்ந்து, கணக்கு முடித்துக் கொடுத்த பணம். குளிர் முடிந்ததும் ஒரேயடியாக ஊருக்குப் போகிறவர். அதுவரை சும்மா கிடக்கிற பணம்தானே என்று மச்சான் கேட்க, ஆறாயிரம் ரியாலை எண்ணிக் கொடுத்தார். ஊருக்குப் போகும்போது அறுநூறு சேர்த்துத் தருவதாகப் பேச்சு. அந்த வெள்ளிக்கிழமை விடியக் காலையிலேயே, தன் பணம் விறகாக நிற்பதைப் பார்க்க வந்திருந்தார்.

லோடைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல எது தம்பி என் முட்டி?"

"அந்தா, கோணலா இருக்கே, அதுதாண்ணே" என்றார் மச்சான்.

சிரித்துக்கொண்டே டீ போட உட்கார்ந்தார். கேபினுக்குப் பின்னால் ஒரு கட்டு விறகு கிடந்தது. டிரைவர் வரும் வழியில், பாலைவனத்தில் வண்டியை நிறுத்திய இடத்தில் உதிர்ந்து கிடந்த சுள்ளியையும் வேரையும் பொறுக்கிக் கட்டி வந்தது. விற்பதற்கில்லை, ரொட்டி சுட. அண்ணன் அதில் நாலை உருவித்தான் அடுப்பு மூட்டினார். நல்ல வாசனையான புகை.

அந்தப் புகைதான் பெரியவரை நிறுத்தியது. வண்டியை விட்டு இறங்கி மூக்கை உறிஞ்சினார். நாங்கள் அடுக்கியிருந்ததைப் பார்க்கவே இல்லை. நேரே கேபினுக்குப் பின்னால் போய், அந்தக் கட்டைக் காட்டி எவ்வளவு என்றார்.

நான் "மாஃபி, மாஃபி" என்று கையை ஆட்டினேன். விற்பதற்கில்லை என்று எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டுக்கு மகளின் மாமனார் வருகிறார், ஒரே ஒரு கட்டு போதும் என்றார். மச்சான் என்னைத் தனியாக இழுத்தார்.

"மாப்ள, இன்னும் போணி ஆகல."

"அதுக்கு?"

"புது லோடு. முத முதல்ல வந்த மனுசன். வெறுங்கையோட அனுப்புனா அப்புறம் இந்த லோடு போன மாதிரிதான். எங்க அப்பா கடையில மொத ஆளு ஒரு வெத்தலை கேட்டாலும் வேலைய விட்டுட்டு எந்திரிச்சுக் குடுப்பாரு."

"இது அந்த விறகு மச்சான்."

"நம்ம வெட்டுனமா? பொறுக்குனது. பேருக்கு ஒரு காசு வாங்கிக்க."

நான் சமையல்கார அண்ணனைப் பார்த்தேன். பணம் அவருடையது. அவர் டீயை ஆற்றியபடி, "போணி பண்ணாம அனுப்பக் கூடாதுதான் தம்பி" என்றார். மூன்று பேரும் ஒரே மாதிரி வளர்ந்தவர்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்தது. ஐந்து ரியால் வாங்கினோம். மச்சான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

டீ குடித்து முடிக்கவில்லை. பெரியவரின் பிக்கப் திரும்பி வந்தது. பின்னாலேயே சுற்றுச்சூழல் போலீஸின் இரண்டு ஜீப். குளிர்காலத்தில் ரோட்டில் வண்டிகளை நிறுத்தி விறகு பார்ப்பார்கள் என்று தெரியும். திறந்த பிக்கப்பில் கட்டைப் போட்டுக்கொண்டு அவர் நேரே அவர்களிடமே போயிருக்கிறார். எங்கே வாங்கினாய் என்றதற்கு உண்மையைச் சொல்லிவிட்டார். இறங்கி வந்து, தப்பு என்னுடையது, இவர்கள் தரமாட்டேன் என்றார்கள், நான்தான் கேட்டு வாங்கினேன் என்று அதிகாரியிடம் வாதாடினார். எதிரி மாதிரி ஒருவர் வந்திருந்தால் திட்டவாவது செய்திருப்பேன்.

நான் பேப்பரை நீட்டினேன். அதிகாரி இளைஞர். கவரிலிருந்து எடுத்து, கடைசி வரி வரை படித்தார். சரியாக இருக்கிறது என்று மடித்து என் கையிலேயே கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. அப்புறம் திரும்பி, லாரியைக் கூப்பிடச் சொன்னார்.

எனக்குப் புரியவில்லை. டிரைவரை எழுப்பி, அவர்களிடம் அரபியில் கேட்டு ஹிந்தியில் சொல்லச் சொன்னேன். உள்ளூர் விறகு விற்ற யார்டில் இருக்கும் விறகு அத்தனையும் பறிமுதலாம். ஒரு கட்டானாலும், ஒரு லோடானாலும்.

"பேப்பர் சரின்னாரே பாய்?"

"பேப்பர் சரிதான். யார்டுதான் சரியில்லையாம்."

அவர்கள் ஏற்றுவதை நால்வரும் நின்று பார்த்தோம். கட்டுகளெல்லாம் ராத்திரி முழுக்க மச்சான் கையால் நீலக் கயிறு போட்டுக் கட்டியவை. மச்சான் அந்த ஐந்து ரியாலைப் பெரியவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்தார். சமையல்கார அண்ணன் அடுப்பில் பாதி எரிந்திருந்த கட்டையை உருவித் தண்ணீர் ஊற்றி அணைத்தார். அதையும் கொண்டுபோய் அவர்கள் லாரியில் போட்டார்.

மத்தியானம் கஃபீல் வந்தார். அபராதம் மூவாயிரம், லைசென்ஸ் அவர் பேரில் இருப்பதால் அவர் கட்டியிருந்தார். சத்தம் போடவில்லை. ஐந்து ரியாலை வாங்கியது யார் என்று மட்டும் கேட்டார். மச்சான் கையைத் தூக்கினார். அப்படியானால் மூவாயிரமும் உங்களுடையது, கலாஸ், முடிந்தது, என்று எங்கள் டீயையே குடித்துவிட்டுப் போனார்.

மறு வாரம் நல்ல குளிர் இறங்கியது. எதிர் யார்டில் ஏகப்பட்ட வண்டி. என்ன என்று பார்க்கப் போனேன். நீலக் கயிறு. பறிமுதல் விறகை ஏலம் விட்டிருக்கிறார்கள், இந்த யார்டுக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து போனதால் அந்த ரோட்டில் சரக்குக் குறைந்து, நாங்கள் வைத்த விலையைப்போல் ஒன்றரைப் பங்குக்கு விற்றுக்கொண்டிருந்தது. பேப்பர் என் பையில்தான் இருந்தது. ஒரு கட்டைத் தொட்டு முடிச்சைப் பார்த்தேன். வாங்க வந்தவன் என்று நினைத்து எத்தனை கட்டு வேண்டும் என்று கேட்டார்கள்.

அண்ணன் சொன்ன தேதிக்கே ஊருக்குப் போனார். ரியாத் பத்தா பஜாரில் மச்சான் மூட்டை தூக்கினார், நான் ஒரு கடையில் தரை துடைத்தேன். கஃபீலுக்குப் போக, கையில் ஆயிரத்து இருநூறுதான் தேறியது. பஸ் ஏறும்போது அதைக் கொடுத்தேன். எண்ணவில்லை, வாங்கிப் பையில் வைத்தார். "அறுநூறை விட்ருங்க தம்பி. அது பேச்சுக்குப் பேசுனது" என்றார். மச்சான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வருஷம் எங்களையும் எக்ஸிட் அடித்து அனுப்பிவிட்டார் கஃபீல். மச்சான் அதோடு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நான்தான் பரமக்குடிக்குப் பஸ் ஏறிப் போய்க் கொடுத்து வருகிறேன். ரூபாயில்தான் கொடுக்கிறேன், கணக்கு மட்டும் ரியாலில். ரியால் ஏற ஏற, அதே பணத்துக்குக் கடன் குறைவாகத்தான் கழிகிறது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. போனால் டீ போடுவார், இப்போது கேஸ் அடுப்பு. போன பொங்கலுக்குக் கொடுத்தது போக, இன்னும் தர வேண்டியது இரண்டாயிரத்து நூற்று ஐம்பது ரியால்.