மஞ்சள் வரும் கேமரா

பிஷ்கெக்கில் கல்யாணம் வைத்திருக்கிறவர்கள் முதலில் மண்டபத்தைப் பிடிப்பார்கள், அடுத்து மெலிஸைப் பிடிப்பார்கள். இருபத்தாறு வருடமாக அப்படித்தான். "தாடைய இறக்கு, கண்ண மட்டும் தூக்கு" என்று அவன் ஒரு அதட்டுப் போட்டால் எப்பேர்ப்பட்ட பெண்ணும் படத்தில் ராணியாகிவிடுவாள் என்று ஊரில் பேச்சு. அவனுக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆனாலும் இந்தக் கதையில் அவனுக்கு 'அவர்' போட மனம் வரவில்லை.

ராணியாக்கியது யார் என்பது ஸ்டுடியோவின் பின்னறைக்குத்தான் தெரியும். அங்கே அவன் மனைவி புருல் கம்ப்யூட்டர் முன்னால் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருப்பாள். பருவை எடுப்பாள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தைப் பாதி மட்டும் குறைப்பாள். முழுவதும் எடுத்தால் பெண் போய் பொம்மை வந்துவிடும். அசல் படத்தின் மேல் கை வைக்கவே மாட்டாள். ஒவ்வொரு திருத்தத்தையும் தனி லேயராக, கண்ணாடித் தாளை விரிப்பதுபோல மேலே போட்டு, அதற்கு ஒரு பெயரும் எழுதி வைப்பாள். வேண்டுமென்றால் எடுத்துப் பார்க்கலாம், எதுவும் அழிந்திருக்காது. ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் மட்டும் 'படம்: மெலிஸ்' என்று இருக்கும்.

மெலிஸுக்கு ஆறு வருடமாக ஒரு கிறுக்கு. சாதாரண கேமராவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய சென்சார் வைத்த மீடியம் ஃபார்மட் கேமரா வேண்டும், அதுவும் நூறு மெகாபிக்சலில் வேண்டும். ரஷ்ய மொழியில் இணையத்தில் ஒரு ஃபோரம் இருக்கிறது. படம் பிடிப்பதைவிட கேமராவைப் பற்றிப் பேசுவதில் பிரியமுள்ளவர்கள் கூடுகிற இடம். அதைப் படித்துப் படித்தே அவன் கோப்பையில் தேநீர் ஆறிப்போகும். கடைசியில் இசிக்-குல் ஏரிக்கரையில் புருலின் அப்பா வைத்த, ஆப்ரிகாட் என்கிற சர்க்கரைபாதாமித் தோட்டத்தை விற்றுவிடலாம் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

"அப்பா கையால வச்ச மரங்க அது," என்றாள் புருல்.

"உங்கப்பா வச்ச மரம் வருசத்துக்கு ஒரு தடவ காய்க்குது. இது தினம் காய்க்கும். கையெழுத்தப் போடு."

போட்டாள்.

பிப்ரவரியில் கேமரா வந்தது. மெலிஸுக்குத் தலைகால் புரியவில்லை. புருலை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்த்தி ஒரு படம் எடுத்து, அவளுடைய ஒரு கண் மானிட்டர் முழுக்க வரும்வரை பெரிதாக்கினான்.

"பாரு, இமையில ஒட்டியிருக்கற மாவு கூடத் தெரியுது. போர்சோக் பலகாரம் சுட்டியா?"

"இருபத்தாறு வருசமா மூஞ்சியப் பாக்காதவரு, ஒரே நாள்ல மொத்தத்தையும் பாத்துட்டீங்க," என்று புருல் சிரித்தாள்.

அதிலிருந்து தினமும் காலையில் அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே புருல். கேமராவைச் சோதிக்க வேண்டுமாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் பார்த்தான். மார்ச் பதினாலாம் தேதிப் படத்தில் அவன் கண்ணுக்கு ஒன்று தட்டுப்பட்டது. புருலின் கண்ணில் வெள்ளை இருக்க வேண்டிய இடம் லேசாக மஞ்சளாக இருந்தது.

நல்ல கண் அவனுக்கு, அதை மறுப்பதற்கில்லை. வேறு யாரும் அவ்வளவு மெல்லிய மஞ்சளைப் பார்த்திருக்க முடியாது. பார்த்தவன் என்ன செய்தான்? கேமராவைச் சந்தேகப்பட்டான்.

ஜன்னலின் மஞ்சள் திரைச்சீலையைக் கழற்றிவிட்டு எடுத்தான், அப்போதும் கண் மஞ்சளாகவே வந்தது. மானிட்டரின் நிறத்தைச் சரிசெய்யும் கருவியை இரவல் வாங்கி வந்து வைத்தான், அப்போதும் வந்தது. நிறம் பார்க்கும் சாம்பல் அட்டையைப் புருலின் கையில் கொடுத்துத் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொன்னான். அட்டை சாம்பலாகவே வந்தது, கண் மட்டும் மஞ்சள். அட்டை சரியாக இருந்தால் கேமரா சரி என்று தொழில் பழகுகிறவனுக்கும் தெரியும். மெலிஸ் அட்டை பழசு என்று சொல்லிப் புது அட்டைக்கு ஆர்டர் போட்டான்.

"கண்ணாடியிலயும் மஞ்சளாத்தாங்க தெரியுது," என்றாள் புருல்.

"குளியலறை பல்பு அப்படி."

"உடம்பெல்லாம் வேற அரிக்குது."

"பனியில தோல் வறண்டு கெடக்கு. எண்ணெய் தடவு. இப்ப அசையாத."

பிறகு அவளுடைய இடது கண்ணை மட்டும் வெட்டி எடுத்து ஃபோரத்தில் போட்டான். 'புதுக் கேமராவில் கண்ணின் வெள்ளை மஞ்சளாக வருகிறது' என்று தலைப்பு. நாற்பது பேர் பதில் எழுதினார்கள். ஒருவன் லென்ஸ் பூச்சு என்றான், இன்னொருவன் சுவரின் நிறம் என்றான், வேறொருவன் மென்பொருளின் பழைய பதிப்பு என்றான். கரகண்டாவிலிருந்து ஒருவன் மட்டும், 'கேமராவை விடுங்கள், ஆளை மருத்துவரிடம் காட்டுங்கள்' என்று எழுதியிருந்தான். மெலிஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 'இது கேமரா பற்றிய பகுதி' என்று அதற்குக் கீழே பதில் போட்டான். பத்தொன்பது பேர் அந்தப் பதிலுக்கு விருப்பக்குறி இட்டார்கள்.

நூரூஸ் பண்டிகைக்குப் புருலின் அக்கா அனிபா, கோதுமை முளையில் காய்ச்சிய சுமோலோக் கஞ்சியைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்தாள். முற்றத்தில் தங்கையைக் கட்டிக்கொண்டவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி, உன் கண்ணு என்ன இப்படி மஞ்சப் பூத்துக் கெடக்கு?"

"வீட்ல மஞ்சத் திரை தொங்குதுல்ல, அது அடிக்கும்," என்றான் மெலிஸ்.

"திரை உள்ள இருக்கு தம்பி. நாம நிக்கறது வெயில்ல."

புருல் மெதுவாக, "திங்கக்கெழம ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போய்ட்டு வரட்டுமாங்க?" என்று கேட்டாள். அல்மாட்டியில் உருவப்படக் கண்காட்சி ஒன்று வைக்கப்போகிறார்கள், படம் அனுப்பப் பத்து நாள்தான் இருக்கிறது, இவளும் போய்விட்டால் வேலையை யார் பார்ப்பது என்று மெலிஸ் பொரிந்து தள்ளினான். கண்காட்சிக்கு அவன் தேர்ந்தெடுத்திருந்தது புருலின் படத்தைத்தான்.

"இந்த ஒரு படத்த முடிச்சுக் குடுத்துட்டுப் போ. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். அந்தக் கண்ண மட்டும் வெள்ளையாக்கு."

அரிப்பெடுத்த கையைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு, தன்னுடைய இரண்டு கண்ணையும் தன் கையாலேயே புருல் வெளுத்தாள். ஒரு முழு நாள் பிடித்தது. நரம்பு இருந்த இடத்தில் நரம்பை விட்டாள், ஓரத்தில் நிழலை விட்டாள், மஞ்சளை மட்டும் எடுத்தாள். அந்த லேயருக்கு 'கண், மெலிஸ் கேட்டது' என்று பெயர் வைத்தாள்.

அதற்குப் பிறகு கல்யாணப் பருவம் வந்துவிட்டது, ஏப்ரல் முழுவதும் மணப்பெண்கள். மே மாதம் அனிபா டாக்சியோடு வந்து நின்று, தங்கையை நாற்காலியிலிருந்து எழுப்பி இழுத்துக்கொண்டு போனாள். மெலிஸும் பின்னால் போனான். டாக்டரம்மா புருலை ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டைவிரலால் கீழிமையை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான் சோதனை.

"இது எத்தன நாளா இருக்கு?"

"ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்," என்றான் மெலிஸ், வாய் கூசாமல்.

"மார்ச் பதினாலு," என்றாள் புருல். "படத்துல தேதி இருக்கு."

கணையத்தில் கட்டி. பித்தம் இறங்குகிற வழியை அது அடைத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் ஸ்கேன் படத்தை வைத்துக்கொண்டு டாக்டரம்மா அவனை நடைவழிக்குக் கூப்பிட்டார்.

"மஞ்சள் தெரிஞ்சப்பவே வந்திருந்தா வெட்டி எடுக்கப் பாத்திருக்கலாம். இப்ப ஈரலுக்கும் போயிடுச்சு. கத்தி வைக்க எடமில்ல."

அறைக்கதவு திறந்தே இருந்தது. படுக்கையிலிருந்த புருலுக்கு எல்லாம் கேட்டது.

ஜூனில் அல்மாட்டியில் அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. மெலிஸ் கோட்டு மாட்டிக்கொண்டு போய் வாங்கி வந்தான். அங்கே வந்தவர்களெல்லாம் கண்ணைத்தான் பாராட்டினார்களாம், உயிர் இருக்கிறது என்றார்களாம். சான்றிதழை அவள் கட்டிலுக்கு எதிரே ஆணியடித்து மாட்டினான். புருல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கண்ணு என் வேலைன்னு சொன்னீங்களா?"

"அவங்களுக்கு எதுக்கு அதெல்லாம்."

அதன் பிறகு அவள் அவனிடம் தண்ணீர் கேட்டாள், ஜன்னலைத் திறக்கச் சொன்னாள், வேறு எதுவும் பேசவில்லை. ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாள்.

செப்டம்பரில் எடுத்த மணப்பெண்கள் யாரும் ராணியாகவில்லை. ஒரு பெண்ணின் தாய் ஆல்பத்தைத் திருப்பிக் கொண்டுவந்து, "என்னண்ணே, கை போயிடுச்சா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டாள். புருல் எப்படிச் செய்தாள் என்று பார்ப்பதற்காக அவளுடைய ஃபைல்களைத் திறந்தவன், கண்காட்சிப் படத்தையும் திறந்தான். 'கண், மெலிஸ் கேட்டது' என்ற லேயரை ஒரு தட்டுத் தட்டி அணைத்தான். மஞ்சள் வந்தது. காலைப் படங்கள் எல்லாம் தேதிவாரியாக அடுத்த ஃபோல்டரில் இருந்தன. மார்ச் பதினாலிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். மே வரைக்கும் மஞ்சள் ஏறிக்கொண்டே போனது, அவளும் அசையாமல் உட்கார்ந்துகொண்டே இருந்தாள். மெலிஸ் மேசையில் தலையை வைத்து அழுதான். அழட்டும்.

கேமராவை விற்பதென்று முடிவு செய்தான். ஓஷ் நகரத்திலிருந்து தாயிர்பெக் என்ற போட்டோகிராபர் வாங்க வந்தான். நாற்பது வயது, தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவன். நாற்காலியில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"ஃபோரத்துல எழுதினது நீங்கதானண்ணே? கண்ணு மஞ்சளா வருதுன்னு?"

"நான்தான்."

"அப்ப பழுதானதத்தான் என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"பழுது இல்ல."

"மஞ்ச வந்துச்சுல்ல?"

"வந்துச்சு."

"இப்ப?"

"இப்ப வராது."

தாயிர்பெக் சும்மா விடுகிற ஆள் இல்லை. தன்னையே படம் எடுக்கச் சொல்லி, கண்ணை மானிட்டர் முழுக்கப் பெரிதாக்கிப் பார்த்தான். வெள்ளையாக இருந்தது.

"என்னண்ணே சரி பண்ணீங்க?"

"கேமரா உள்ளதத்தான் காட்டுச்சு," என்றான் மெலிஸ். அவன் வாயிலிருந்து வந்த முதல் நேர்மையான பேச்சு அதுதான். அது தாயிர்பெக்குக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள அவன் மெனக்கெடவும் இல்லை. பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டு போனான்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்தப் பழைய விவாதத்தின் அடியில் அவன் எழுதினான்: 'இந்தக் கேமராவை நான் வாங்கிச் சோதித்துவிட்டேன். கண் வெள்ளையாகவே வருகிறது. குறை ஒன்றும் இல்லை.' ஃபோரத்தை நடத்துகிறவர்கள் தலைப்புக்குப் பக்கத்தில் பச்சைக் குறி போட்டு, 'பிரச்சினை தீர்ந்தது' என்று விவாதத்தை மூடினார்கள்.

மெலிஸ் அதைத் திறந்து பார்த்தான். எல்லாவற்றுக்கும் மேலே புருலின் இடது கண் மஞ்சளாக இருந்தது. கரகண்டாக்காரன் எழுதியது இருந்தது, அதற்குக் கீழே 'இது கேமரா பற்றிய பகுதி' என்று தான் எழுதியதும் இருந்தது. அந்த ஒரு வரியை அழிக்கப் பார்த்தான். முடிந்துபோன விவாதத்தில் எதையும் அழிக்க முடியாது என்று திரையில் வந்தது. மறுபடியும் அழுத்தினான்.