நங்கூரம் போட்ட டிரங்குப் பெட்டி

கிரேசி இன்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவள் வந்தால் தெருவே எழுந்து நிற்கிறது. நான் எழுந்திருப்பதில்லை. ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் பகல் முழுக்க உட்கார்ந்து கல்லூரியில் சேர்ந்தவள் அவள் என்பது எனக்குத் தெரியும்.

1946இல் நாங்கள் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. தேறினோம். நான் மளிகைக்கடை சிவனாண்டியின் மகள் சண்முகவடிவு. சேதியைச் சொன்னதும் என் அப்பா, "பாஸாயிட்டியா? நல்லது. அந்த மிளகா மூட்டையக் கொஞ்சம் வெயில்ல பரத்து" என்றார். என் மேற்படிப்பு அத்தோடு முடிந்தது. அந்த வகையில் எங்கள் வீட்டில் எல்லாம் சுருக்கமாக நடக்கும்.

பக்கத்து வீட்டுக் கிரேசிக்கு அம்மா இல்லை. அப்பா சுந்தரராஜ், துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் சரக்கு எண்ணும் கிளார்க். மகளைப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்க வைக்க வேண்டும் என்று மனுப் போட்டார். பதில் கார்டு வந்தது. இடமெல்லாம் நிரம்பிவிட்டது, கிரேசியின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது, காலி ஏற்பட்டால் தெரிவிக்கிறோம் என்று அதில் கண்டிருந்தது.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். சுந்தரராஜ் மாமா என் அப்பாவுக்கு ஓடி வந்து கற்கண்டு கொடுத்தார்.

அவர் மேல் தப்பில்லை, ஊரின் மேல்தான் தப்பு. எங்கள் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் எட்டத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள் போய்ச் சரக்கை ஏற்றி இறக்கும். நாலைந்து கப்பல் சேர்ந்துவிட்டால் ஒரு காத்திருப்புப் பட்டியல் போடுவார்கள். மாமா காலமெல்லாம் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான். அதில் பெயர் ஏறிய எந்தக் கப்பலும் வேலை முடியாமல் திரும்பிப் போனதில்லை.

"வரிசையில பேரு ஏறிட்டு அண்ணாச்சி! இனி என்ன, தோணி போக வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் கிறிஸ்தவக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சல் தீர்ந்தால், உத்தியோகம் கிடைத்தால், மாடு கன்று போட்டால் ஸ்தோத்திர காணிக்கை வைப்பார்கள். இன்ன காரியத்துக்காக இன்னார் வைத்தது என்று குருவானவர் சபை நடுவே வாசிப்பார். எல்லோரும் காரியம் முடிந்த பிறகு வைப்பார்கள். சுந்தரராஜ் மாமாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. "மகள் கிரேசிக்குக் கல்லூரியில் இடம் அருளிய கிருபைக்காக" என்று எழுதி மறு ஞாயிறே வைத்துவிட்டார். சபையும் வஞ்சனையில்லாமல் துவாலை, மைக்கூடு, ஒரு டிரங்குப் பெட்டி என்று கொண்டுவந்து கொட்டியது. கடவுளுக்கே நன்றி சொல்லியாயிற்று. இனி கல்லூரி இல்லை என்று சொன்னால் கடவுளுக்குத்தான் அவமானம்.

ஜூன் பிறந்தது. கல்லூரியிலிருந்து மூச்சில்லை. கல்லூரி காக்க வைத்தால் என்ன செய்ய வேண்டும் என்று கல்லூரி வாசலையே மிதிக்காத எங்கள் தெருவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெள்ளைக்காரப் பிரின்ஸிபால் துரைசாணிக்கு ஒரு ஓலைக் கொட்டான் நிறையக் கருப்பட்டி அனுப்பச் சொன்னார் என் அப்பா. தினமும் பைபிளில் சங்கீதம் வாசிக்கச் சொன்னார் குருவானவர். டைப் அடிக்கப் பழகு, கல்லூரியெல்லாம் கண்ணுக்குக் கெடுதல் என்றார் தர்மாஸ்பத்திரிக் கம்பவுண்டர். முத்துக்குளிப்பு இந்த வருஷம் வரும், அடுத்த வருஷம் வரும் என்று எத்தனையோ வருஷமாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஊர் இது. காத்திருப்பதைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்க முடியாது.

எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள் பிளாரன்ஸ் அத்தை, மாமாவின் தங்கை. அவள் கையில் ஒரு மாப்பிள்ளை தயாராக இருந்தான். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட வாத்தியார், பெயர் ஞானதீபம்.

"காலேஜு காலேஜுன்னு வாயப் பாத்துக்கிட்டு இருக்காம, வாரவனக் கெட்டு. பையனோட அம்மைக்கு வாக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

"எனக்கு வேண்டாம் அத்த."

"நீ இல்லன்னா வேற பொண்ணு இல்லியா? நாசரேத்துல ஒண்ணு இருக்கு, உன்னவிட நெறம். நாளைக்கே போறேன், பாரு."

சொன்னபடியே அடுத்த பஸ்ஸில் போனாள். மாமாவுக்கு அப்போதுதான் பயம் வந்தது. இடமும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை என்றால் மகள் கதி என்ன? இந்த ஜூனுக்குள் சேராவிட்டால் அடுத்து வருகிறவன் தலையில் கட்டிவிடுவது என்று அவரும் முடிவுக்கு வந்துவிட்டார். கிரேசிக்கு அது தெரியும். எங்கள் கொல்லைப்புறத்தில் வந்து அழுதாள். மிளகாய் நெடி என்று சொல்லிக்கொண்டாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு போய் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்பா, கொழும்புல நிக்கிற கப்பலு, எனக்கு வரிசையில எடம் போடுங்கன்னு தந்தி அடிச்சா தோணி அனுப்புவியளா?"

"அது எப்பிடிளா? இங்கன வந்து நங்கூரம் போட்டாத்தான் வரிசை."

"நான் இன்னும் நங்கூரம் போடலியேப்பா."

மாமா சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்தார். உத்தியோகத்தில் ஒருநாளும் தவறாதவர், சொந்த மகள் விஷயத்தில் பாதி விதியை மறந்துபோயிருந்தார்.

கல்லூரி திறக்கிற அன்று இருவரும் பெட்டியோடு கிளம்பினார்கள். கரி போட்டு ஓட்டுகிற பஸ். பக்கத்துப் புதுக்கோட்டையிலேயே ஒருமுறை மூச்சு வாங்கி நின்றது. போய் இறங்கியதும் கல்லூரி அலுவலக வராந்தாவில் பெட்டியை இறக்கி, கிரேசி அதன் மேல் உட்கார்ந்தாள். பியூன் விரட்டிப் பார்த்தான். "நாங்க வரிசைல இருக்கோம்" என்றார் மாமா. மொத்தம் எத்தனை இடம் என்று அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே போகிற பெண்களை மூட்டை எண்ணுவதுபோல் எண்ணத் தொடங்கினார்.

வெயில் சாய்கிற நேரத்தில் மகளிடம் குனிந்து, "ஒண்ணு கொறையுது" என்றார்.

அதே சமயம் ஒரு குதிரைவண்டி வந்து நின்றது. கிரேசியின் வயதில் ஒரு பெண் தன் அப்பாவோடு இறங்கினாள். குறைந்த ஒன்று வந்துவிட்டது என்று கிரேசி நினைத்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் அந்தப் பெண்ணிடம் பெட்டி இல்லை என்பதைக் கவனித்தாள்.

அந்த அப்பா உள்ளே போனார். பெண் வந்து டிரங்குப் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. பெயர் இன்பமணி என்றாள்.

"ஒங்க பெட்டி எங்க?" என்று கேட்டாள் கிரேசி.

"பெட்டி எதுக்கு? எஸ்.எஸ்.எல்.சி. மார்க்குப் புத்தகத்தத் திருப்பி வாங்க வந்திருக்கோம். எனக்குக் கலியாணம்."

"மாப்பிள எந்த ஊரு?"

"சாத்தான்குளத்து வாத்தியாராம், ஞானதீபமுன்னு பேரு. தூத்துக்குடியில இருந்து ஒரு அத்த வந்து ரெண்டு நாளுல பேசி முடிச்சிட்டு. அதுக்கு என்ன அவசரமோ."

தன் வீட்டு வாசலில் திருப்பிவிட்ட சம்பந்தம் யார் வீட்டில் போய் நுழைந்திருக்கிறது என்று கிரேசிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"ஏம்மா, பெட்டி மேல இருக்கிற பொண்ணு! உள்ள வா" என்று பியூன் கூப்பிட்டான். நாளைக்கு வகுப்பு, பட்டியலில் உள்ள மற்றவர்களுக்குக் கார்டு போட்டுக் காத்திருக்க நேரமில்லை என்று துரைசாணி சொல்லிவிட்டார்களாம். மாமா முகமெல்லாம் பல்லாகப் பெட்டியைத் தூக்கினார்.

இன்பமணி எழுந்து வழிவிட்டாள். "ஹாஸ்டல்ல சன்னலோரக் கட்டிலக் கேட்டு வாங்குங்க. முன்னாடியே வந்து பாத்து வச்சிருந்தேன். நல்லாக் காத்து வரும்" என்றாள்.

செப்டம்பர் விடுமுறைக்குக் கிரேசி வந்தபோது அவளோடு நானும் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு இரண்டு காணிக்கை. மகள் கல்லூரியில் சேர்ந்ததற்காக மாமா இரண்டாம் தடவையாக ஒன்று வைத்திருந்தார். நாசரேத் இன்பமணியின் கலியாணத்தை நல்லபடியாக முடித்துவைத்ததற்காக பிளாரன்ஸ் அத்தை ஒன்று வைத்திருந்தாள். குருவானவர் இரண்டையும் ஒரே மூச்சில் வாசித்தார். சபை முழுக்கச் சேர்ந்து ஆமென் என்றது. அத்தையின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

கிரேசி மட்டும் ஆமென் சொல்லவில்லை. நான் முழங்கையால் இடித்தேன்.

"ஒனக்காகத்தானளா வாசிக்காக. சொல்லேன்."

"ஒண்ணுக்குச் சொன்னா ரெண்டுக்கும் சொன்ன மாதிரி ஆயிரும்" என்றாள்.