இவர் எந்தப் பாதி?

“கையை நீட்டுங்க. பஸ்ஸை நிறுத்துற மாதிரி.”

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிவிட்டு, ஜெராக்ஸ் கடைக்கார அம்மா கணவரை அதட்டுகிறார். முக்காலியில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கைகளை நிமிர்த்துகிறார். மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்ளாமல் நின்றால் அன்றைய பொழுது நல்ல பொழுது.

“இன்னிக்கு என்ன கிழமை?”

“நேத்துக்கு மறுநாள்.”

“நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. மூளை நல்லாத்தான் இருக்கு.” ஷட்டர் முழுதாக மேலே போகிறது.

மாஸ்டர் எங்கள் தெருவில் பலருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், நான் உட்பட. ஈரல் சுருங்கி இறுகிவிட்டது. ஈரல் என்றாலே எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். பதில் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலிக்கிறது. “ஒரு சொட்டு தொட்டதில்லைங்க. சர்க்கரை, கொழுப்பு. நாள் பூரா வண்டியிலயே உக்காந்து வந்தது. நம்பினா நம்புங்க. உங்களுக்கு ரெண்டு காப்பியா, நாலு காப்பியா?”

பழுதான ஈரல் உடம்பின் நஞ்சை வடிகட்டுவதில்லை. அது மூளைக்கு ஏறிவிடுகிறது; காலையில் கையை நீட்டச் சொல்வதும் கிழமை கேட்பதும் அதைக் கண்டுபிடிக்கத்தான். அதை வெளியே தள்ள, பாகு போல ஒரு மருந்து. குடித்தால் தினம் இரண்டு மூன்று தரமாவது கழிப்பறைக்குப் போக வேண்டும். “போனீங்களா?” என்று அம்மா கடையிலிருந்து குரல் கொடுக்கும்போது, நகலெடுக்க வந்த கல்லூரிப் பெண்கள் கூரையைப் பார்ப்பார்கள்.

“மானத்தை வாங்காதடி” என்று உள்ளிருந்து பதில் வரும்.

“மானம் கிடக்கட்டும். போனீங்களா, இல்லையா?”

போன மாதம் உறவுக்காரர் கல்யாணம். வழியில் தொந்தரவாக இருக்கும் என்று மாஸ்டர் மருந்தை வாயில் வாங்கி வாங்கிப் பூந்தொட்டியில் துப்பியிருக்கிறார். ஊர் திரும்பிய மறுநாள், கடை வாசலில் யாரோ பூட்டாமல் நிறுத்தியிருந்த காரில் ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். காலி ஸ்டியரிங்கைப் பார்த்து, “பதறாதே பாப்பா, கிளட்சை மெதுவா விடு” என்று பாடம் நடக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்த மனைவியிடம், “நீங்க யாரு, அடுத்த பேட்சா?” என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அம்மாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. நடுவிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் சில நாளில் தெளிந்தார். டாக்டர் அம்மாவைத் தனியே அழைத்தார். “மயக்கம் தெளிஞ்சிடுச்சும்மா. ஆனா ஈரல் சரியாகல. இந்தக் குழப்பம் ஒரு தடவை வந்துட்டா திரும்ப வரும். மருந்து ஒழுங்கா குடிச்சா தள்ளிப்போடலாம். ஈரலை மாத்தலைன்னா, இந்த நிலைமைக்கு வந்தவங்கள்ல பாதிப் பேர் ஒரு வருஷத்தைத் தாண்டுறதே கஷ்டம்.”

“இவர் எந்தப் பாதி?”

“அது எனக்குத் தெரியாதும்மா.”

“அப்புறம் எதுக்குச் சொல்றீங்க?” அவர்மீதும் எரிந்து விழுந்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

மாஸ்டரின் தம்பி தன் ஈரலில் ஒரு பங்கு தர முன்வந்தார். அதற்கும் முரண்டு. “பிள்ளைகுட்டிக்காரன். அவன் வயித்தைக் கிழிச்சு நான் பிழைக்கணுமா?” வழக்கமாக அம்மாவின் சத்தத்தில் கூரை அதிரும் இடம் அது. அம்மா எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தார். “அண்ணி திட்டலைன்னதும் அண்ணன் பயந்துட்டார்” என்கிறார் தம்பி. மறுநாள் மாஸ்டர் தானாகச் சட்டையை மாட்டிக்கொண்டு தம்பியோடு பரிசோதனைக்குக் கிளம்பினார். ஈரல் பொருந்துமா என்று இன்னும் தெரியவில்லை. காத்திருக்கிறார்கள்.

நேற்று மதியம் நகலெடுக்கப் போயிருந்தேன். மாஸ்டர் உள்ளே நாற்காலியில் தலை சாய்த்துக் கண்மூடிக் கிடந்தார். இயந்திரம் கடகடவென்று தாள்களைத் தள்ளிக்கொண்டிருந்தது. திடீரென்று அம்மா அதை நிறுத்தினார்.

“இன்னும் முடியலையே...” என்று ஆரம்பித்தேன். ஒற்றை விரலை உயர்த்தி என்னை அடக்கிவிட்டு, உள்பக்கம் காதைக் கொடுத்து நின்றார்.

“என்னடி, கரண்ட் போச்சா?” என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே.

அம்மா பொத்தானை அழுத்தினார்.