வயரிங் கோளாறு

என் கணவர் ரவூஃபைப் பற்றி எங்கள் கிரெம்தா சாலையில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். கை சுத்தம், வாய் சுத்தம், தொழுகை தவறாதவர், யாரிடமும் போய் நிற்காதவர். எல்லாம் உண்மைதான். அவரோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் எனக்கு இன்னொரு உண்மையும் தெரியும். தப்பு என்று ஒன்று அவரிடமிருந்து வந்ததே கிடையாது. குஸ்குஸில் காரம் கூடினால் மிளகாய் விற்றவன் தப்பு. கார் நடுவழியில் நின்றால் கடைசியாக அதைத் தொட்ட மெக்கானிக் தப்பு. எங்கள் கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்ததற்குக்கூட என் அண்ணன் ஹெதி வழியைச் சரியாகச் சொல்லாததுதான் காரணம் என்று இன்றைக்கும் பேச்சு. கல்யாணம் நடந்த என் பிறந்த வீட்டுக்கு அவர் அதற்குமுன் எத்தனையோ தடவை வந்து காப்பி குடித்திருக்கிறார்.

உரத் தொழிற்சாலையில் பழுது பார்க்கும் பிரிவில், உலோகத்தைச் செதுக்குகிற மில்லிங் மெஷினில் நின்றவர். அந்தப் பிரிவை மூடி ஆட்களை வீட்டுக்கு அனுப்பியபோது, வந்த பணத்தில் மேல் மாடியைக் கட்டி முடிப்பார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு சின்ன மில்லிங் மெஷினை வாங்கி வந்தார். பலகைமேல் வைக்கிற அளவுதான், நாலு பேர் சேர்ந்தால் தூக்கிவிடலாம். கார் தெருவுக்குப் போனது, மெஷின் கராஜுக்குள் வந்தது. மாடியில் தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்தபடி அப்படியே துருப்பிடித்தன.

அந்த மாடி என் மகன் இஸ்கந்தருக்கானது. எங்கள் பக்கம் பையன் பிறந்தாலே தகப்பன் வீட்டுத் தளத்தில் கம்பியை நீட்டி விட்டுவிடுவார், ஒருநாள் மேலே எழுப்பலாம் என்று. இஸ்கந்தர் மின்னணு படித்துவிட்டு ஒரு செல்போன் கடையில் உட்கார்ந்திருந்தான். சாயங்காலமானால் சுவரில்லாத அந்த மாடியில் நடந்துகொண்டே காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஜெர்மன் சொற்களை முணுமுணுப்பான். அந்தச் சத்தம் கேட்டாலே நான் அடுப்படி ஜன்னலைச் சாத்திவிடுவேன். எதிர்வீட்டு ராதியாவின் இரண்டு மகன்களும் அப்படித்தான் முணுமுணுத்துவிட்டு ஜெர்மனிக்குப் போனார்கள். இப்போது அவள் வீட்டில் சாப்பாட்டு மேசைமேல் துணி காய்கிறது.

ஒருநாள் துறைமுகத்தில் படகு எஞ்சின் உதிரிபாகம் விற்கிற அம்மார் வீட்டுக்கு வந்தார். நீர்ப் பம்பின் பித்தளை மூடி ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி செய்ய முடியுமா என்று கேட்டார். மரியாதைக்கு 'ஸி' சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவார். ஆறு துளை, நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு பள்ளம்.

"செஞ்சா வருஷம் பூரா எடுத்துக்கறேன் ஸி ரவூஃப். ஆனா ஒண்ணு மாதிரியே இன்னொண்ணு இருக்கணும். போன ஆள் செஞ்சதுல எதுவும் எதோடயும் சேரல."

"கையால பண்ணா அப்படித்தான் ஆகும்," என்றான் இஸ்கந்தர். "இந்த மெஷினுக்கு மோட்டார் வச்சுக் கம்ப்யூட்டர்ல ஓட்டலாம். நான் பண்ணித் தர்றேன்."

யோசனை அவனுடையது. அதைப் பிடித்துத் தொங்கியவள் நான். இவனும் அப்பாவும் சேர்ந்து ஒரு தொழில் வைத்துவிட்டால் இவன் எங்கே போகப் போகிறான் என்று கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து அந்த மெஷினுக்காக நான் இறைவனிடம் துஆ செய்தேன். பெற்ற பிள்ளைக்குச் செய்வதைவிட ஒரு இரும்புக்கு அதிகமாகச் செய்தேன் என்றால் சிரிப்பீர்கள்.

அந்த வேலை நடந்த காலம் நல்ல காலம் என்று சொல்ல வேண்டும். மோட்டாரைப் பிடிக்கிற தகடுகளை அதே மெஷினில், சக்கரத்தைக் கையால் சுற்றி, அவரே வெட்டி எடுத்தார். பழைய திருகுத் தண்டுகளில் ஒரு தளர்ச்சி இருந்தது. சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினால் கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றும், பிறகுதான் வெட்டுகிற துண்டைத் தாங்கும் மேசை அசையும். கைக்கு அது பழகிவிடும், கம்ப்யூட்டருக்குப் பழகாது என்று இஸ்கந்தர் சொல்லி, உள்ளே குண்டுகள் உருளும் புதுத் தண்டுகளை வரவழைத்தான். கைச்சக்கரங்களைக் கழற்றிய அன்று அவர் முகம் துக்க வீட்டுக்குப் போய் வந்தது போலிருந்தது. ஆனாலும் கழற்ற விட்டார். சாப்பிடும்போது இருவரும் பேசினார்கள். அதற்குமுன் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் கரண்டிச் சத்தம்தான் கேட்கும்.

முதல் மூடி வந்தது. ஐந்து துளையில் திருகாணி இறங்கியது, ஆறாவதில் நின்றுவிட்டது. மயிரிழைதான் தள்ளியிருந்தது, ஆனால் நின்றுவிட்டது. இரண்டாவது மூடியில் இரண்டு துளை தள்ளின. மூன்றாவது சரியாக வந்தது. நான்காவதில் பள்ளமே ஒருபக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

"வயரிங் கோளாறு," என்றார்.

இஸ்கந்தர் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி மறுபடி போட்டான். மோட்டார்களை ஓட்டுகிற பெட்டியை மாற்றினான். மோட்டாருக்குப் போகிற கம்பியைத் தனியாக, மேலே உறை போட்டு இழுத்தான். மூடிகள் அப்படியேதான் வந்தன, சில சரியாக, பல கோணலாக. எந்த இடத்தில் தவறுகிறது என்று மெஷினுக்கே தெரியாது. கம்ப்யூட்டர் போகச் சொன்ன இடத்துக்குப் போய்விட்டேன் என்றுதான் அது திரையில் எண் காட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் இஸ்கந்தர் தனியாக ஓட்டினான். வந்தது எல்லாமே சரியாக வந்தது. அவற்றை அடுப்படி மேடையில் எனக்கு முன்னால் வரிசையாக வைத்தான். நான் ஒவ்வொன்றிலும் திருகாணியை விட்டுப் பார்த்தேன், வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அவர் வந்து பார்த்தார்.

"குருட்டாம்போக்குல வந்திருக்கு. நாளைக்குப் பாரு."

மறுநாள் அவர் பக்கத்தில் நின்றார். கோணல்.

அதிலிருந்து வீடு தாங்கவில்லை. அம்மார் உட்கார்ந்திருக்கும்போதே, என் அண்ணன் ஹெதி உட்கார்ந்திருக்கும்போதே, பிள்ளையை வாய்க்கு வந்தபடி பேசினார்.

"அஞ்சு வருஷம் படிச்சானாம். ரெண்டு ஒயரு மாட்டத் தெரியல. எங்க பட்டறைல பெருக்குறவன்கூட இவன விட நல்லா மாட்டுவான்."

"விடுங்க மச்சான், சின்னப் பையன்," என்றார் ஹெதி.

"சின்னப் பையனா? இவன் வயசுல நான் குடும்பம் நடத்தினேன்."

இஸ்கந்தர் தலையைக் குனிந்துகொண்டு கம்பிகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். எனக்கு நெஞ்சு வெந்தது. என் பிள்ளை இவ்வளவு பொறுமைசாலியா என்று பெருமையும் பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது கசக்கிறது.

ஒப்பந்தம் வந்துவிட்டது, ஜெர்மனியில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை என்று ஒருநாள் சொன்னான். நான் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"மெஷின் சரியாயிடும்டா. இன்னும் கொஞ்ச நாள் பாரு. அம்மார் எங்கயும் ஓடிப் போயிடல."

"எவ்வளவோ பாத்தாச்சு உம்மி. எனக்கு வரல, விடு."

நான் கராஜுக்கு ஓடினேன். ஒரு வார்த்தை அவனைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இரு என்று சொல்லுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் கட்டரைத் துடைத்தபடி, நிமிராமல் சொன்னார்.

"போகட்டும். அங்கயாவது ஒயரு மாட்டக் கத்துக்கட்டும்."

போய்விட்டான். விமான நிலையத்தில் அவர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார், அதையும் சொல்லத்தான் வேண்டும். கார் ஓட்டும்போது வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குள் போய் மெஷினைப் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு முற்பகலில் காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மேலே போக மனமில்லாமல் அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன். மேலே யார் இருக்கிறார்கள்? அவர் பித்தளைத் துண்டைக் கவ்வியில் பிடித்தார். கட்டரை விளிம்பில் தொட வைத்து எண்ணைச் சரிபார்த்தார். கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்த வலது கையை நீட்டினார். அப்போது இடது கை தானாகக் கீழே போனது. மேசையின் பக்கவாட்டில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிடி இருக்கிறது, அதை ஒரு சொடுக்குச் சொடுக்கி இறுக்கியது. சட்டைப் பையில் சாவி இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்போமே, அந்த மாதிரி. மெஷின் ஓட ஆரம்பித்தது. மேசை குறுக்கே நகர வேண்டிய இடத்தில் மோட்டார் வயிற்றுவலிக்காரன் மாதிரி முனகியது.

"இப்ப எதையோ முறுக்குனீங்களே, அது என்ன?"

"எதை?"

"இடது கையால. அந்தப் பிடிய."

"லாக். குறுக்கால மேசை ஆடாம இருக்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

தொழிற்சாலையில் கையால் வெட்டும்போது, எந்தப் பக்கம் மேசை நகர வேண்டாமோ அந்தப் பக்கத்தை இறுக்கிவிட்டுத்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் கட்டர் துண்டை இழுத்துக்கொண்டு போய்விடும். இதை நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, குடித்தனம் முழுக்கச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டதே இந்த ஒரு கதைதான். கையால் சுற்றினால் இறுக்கியிருப்பது கைக்குத் தெரியும், தளர்த்திவிட்டுச் சுற்றலாம். மோட்டாருக்கு என்ன தெரியும்? இறுகிக் கிடக்கிற மேசையை இழுத்துப் பார்க்கும், முடிந்த அளவு நகர்த்தும், மிச்சத்தை விட்டுவிடும். சில நாள் கை லேசாக இறுக்கியிருக்கும், மூடி சரியாக வந்திருக்கும். சில நாள் பலமாக.

அவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மெஷினை நிறுத்தி, காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"மேல போ. அடுப்புல எதையாச்சும் வச்சிருப்ப."

மறுநாள் பார்த்தேன். பிடி இருந்த இடத்தில் வெறும் துளை இருந்தது. கேட்டதற்கு, தேய்ந்துவிட்டது, கழற்றிப் போட்டேன் என்றார். அன்றிலிருந்து மூடிகள் அச்சில் வார்த்ததுபோல வந்தன. அம்மார் வந்து கூடத்தில் உட்கார்ந்து மூடிகளைப் பார்த்துவிட்டு அவர் தோளைத் தட்டினார்.

"எப்படிச் சரியாச்சு ஸி ரவூஃப்?"

"வயரிங்தான். பையன் போட்டதெல்லாம் புடுங்கிட்டு நானே மாத்திட்டேன்."

நான் காப்பித் தட்டோடு சமையலறைக் கதவருகே நின்றிருந்தேன். ஒரு கம்பியைக்கூட அவர் தொடவில்லை என்பது எனக்குத் தெரியும். இஸ்கந்தர் சிவப்பு நாடா சுற்றி வைத்த கட்டுகள் அப்படியே இருந்தன. தட்டை அவர் தலைமேல் போட வேண்டும் போலிருந்தது. போடவில்லை, விருந்தாளி இருந்தார்.

நோன்புப் பெருநாள் வந்தது. உப்புமீனை ஊற வைத்து, வெங்காயத்தையும் உலர் திராட்சையையும் நாள் முழுக்கச் சுண்ட வைத்து ஷர்மூலா கிண்டினேன். மூன்று பேருக்குத்தான் கிண்டினேன், ஹெதியையும் சேர்த்து. தொழுகை முடிந்து வந்து உட்கார்ந்ததும் இஸ்கந்தர் போனில் முகம் காட்டினான். அங்கே அவனுக்கு விடுமுறை இல்லை, வேலை உடுப்பில் எங்கேயோ படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். முதலில் ஷர்மூலாவைக் காட்டச் சொன்னான். பிறகு அப்பாவுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னான்.

"மெஷின் எப்படி ஓடுது பாபா?"

"இப்ப நல்லா ஓடுது. உன் வயரிங்க மாத்தினேன், சரியாப் போச்சு. அங்க வேலைல பாத்து மாட்டு, மானத்த வாங்கிடாத."

"நல்லது பாபா. உங்க கை பட்டாத்தான் சரியாகும்."

ஹெதி சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினேன், அந்தக் கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டேன்.

"டேய், அவர் சொல்றது பொய்டா. உன் வயரிங்ல ஒண்ணுமே இல்ல. அவர்தான் ஒவ்வொரு தடவையும் லாக்க இறுக்கிட்டு மெஷினப் போட்டிருக்கார். நான் என் கண்ணால பாத்தேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல. கிளம்பி வந்துடு. அம்மார் எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கறார், ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு."

அவனுக்குப் பின்னால் யாரோ அவனை ஜெர்மனில் கூப்பிட்டார்கள். கையை உயர்த்தி, இதோ வருகிறேன் என்று காட்டினான்.

"எனக்குத் தெரியும் உம்மி."

"என்ன தெரியும்?"

"லாக். முதல் வாரமே பாத்துட்டேன்."

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை.

"பாத்துட்டியா? அப்புறம் ஏண்டா வாயத் தெறக்கல? எத்தன பேர் முன்னாடி உன்னத் திட்டினார். அத்தனையும் ஏண்டா வாங்கிக் கட்டிக்கிட்டே?"

"சொல்லியிருந்தா மெஷின் ஓடியிருக்கும்," என்றான். "ஓடியிருந்தா நீ என்னப் போக விட்டிருப்பியா?"

கோபமாகச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். என்னைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னான். வேலைக்கு நேரமாகிவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்றான். திரை அணைந்தது.

கீழே இறங்கி வந்தேன். அவர் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான் பையன்?"

"வயரிங்க நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு அவனுக்கு ரொம்ப சந்தோஷமாம்," என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, ரொட்டியைப் பிய்த்து ஷர்மூலாவில் தோய்த்தார்.