நான்காவது கொக்கி

ஆக்லாந்து நகரின் சான்ட்ரிங்ஹாமில் எங்கள் வீட்டுக் கராஜை அப்பா ஓர் அறையாகத் தடுத்திருந்தார். 1993 முதல் ஐந்து ஆண்டுகள் அதில் தியாகலிங்கம் அங்கிள் குடியிருந்தார். நாங்கள் ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர்கள், அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு பெட்டியும் கைக்கு அடக்கமான ரேடியோவுமாக வாசலில் நின்றவரிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு ஆளுதானா? பேமிலி எங்க?" என்பது.

"கொழும்பில நிக்கினம், அக்கா. விசா கிடைச்சவுடன வந்திடுவினம்."

மனைவி உஷாவும் ஆறு வயது மகளும் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துக் காத்திருந்தார்கள். அந்த விசா வர 1998 ஆயிற்று. நான் சொல்லப்போவது அதற்கு மூன்று ஆண்டுகள் முந்திய ஒரு குளிர்காலத்தை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. கிடங்கில் நடந்தவற்றை அவரே பின்னாளில் துண்டு துண்டாகச் சொன்னார். வீட்டில் நடந்தவை என் காதில் விழுந்தவை.

காங்கேசன்துறை சிமெந்து ஆலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் அவர். சண்டையில் ஆலை மூடப்பட்டது. அதன்பின் இடம் மாறி இடம் மாறி, ஆக்லாந்தில் வந்து இறங்கினார். பென்ரோஸில் ஒரு பெயின்ட் கிடங்கில் வேலை கிடைத்தது.

எதற்கும் மறுத்துப் பேசாத மனிதர். அம்மா, "உப்பு போதுமா?" என்றால், "ஓம் அக்கா, அளவா இருக்கு" என்பார். அடுத்த வாய் வைத்த அப்பா, "என்னா சீதா, உப்பே போடலையா?" என்றால், "ஓம் அண்ணை, கொஞ்சம் காணாதுதான்" என்பார்.

"லிங்கம், உங்களுக்குன்னு ஒரு நாக்கு இருக்கா, இல்லையா?" என்று அப்பா ஒரு நாள் கேலி செய்தார்.

"ஓம் அண்ணை," என்று அதற்கும் சிரித்தார். நாங்கள் அதை மரியாதை என்று நினைத்தோம்.

கிடங்கில் ஸ்மோகோ என்று சொல்லப்படும் தேநீர் நேரத்தில் எல்லோரும் ஒரு சின்ன அறைக்குள் போவார்கள். முதல் ஆண்டு முழுவதும் அவர் போகவில்லை. கறி மணக்கும் என்ற கூச்சம். லாரிகள் வந்து நிற்கும் மேடையில், பெயின்ட் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். உள்ளேயிருந்து சிரிப்புக் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் பேசப்பட்டது பெரும்பாலும் கால்பந்து.

அறைக்குள் ஒரு மேசை மூன்று பேருக்கு உரியது. ஹாலந்திலிருந்து வந்த விம், ஜெர்மானியர் ஹெல்முட், ஸ்கொட்லாந்துக்காரர் டங்கன். சுவரில் நான்கு கொக்கிகள். மூன்றில் அவரவர் குவளை தொங்கும். அவரவர் ஊர் அணியின் பெயர், நசுங்கிய டின்களில் மிஞ்சிய எனாமல் பெயின்டால் எழுதப்பட்டிருக்கும். அயாக்ஸ், ஃபிராங்ஃபர்ட், ரேஞ்சர்ஸ். நான்காவது கொக்கிக்கு உரியவர் ஓய்வு பெற்று டவ்ராங்கா என்ற ஊருக்குப் போனபோது குவளையையும் எடுத்துப்போய்விட்டார்.

ஒரு மழை நாளில் டங்கன் மேடைக்கு வந்து, "நனைஞ்சு சாகாதே, உள்ளே வா" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனார். தியாகலிங்கம் என்ற பெயர் வாயில் நுழையாமல் தியோ ஆனது. "தியோ எங்க ஊர்ப் பேர்" என்றார் விம். "எங்க ஊரிலும் உண்டு" என்றார் ஹெல்முட். அந்த வாரம் உஷாவுக்குப் போன் பேசியபோது அவர் குரல் நடைக்கூடம் முழுக்கக் கேட்டது. "ஓம் உஷா, இப்ப மூண்டு பேர் இருக்கினம். ஒரே மேசைதான். நல்ல மனிசர்."

அந்த மேசையின் நாட்காட்டி வேறு. ஐரோப்பாவில் பல நாட்டு ஊர் அணிகளும் மோதும் கோப்பை ஆட்டங்கள் புதன்கிழமை இரவு நடக்கும். ஆக்லாந்தில் அது வியாழன் காலை. அதனால் அவர்களுக்கு வியாழன்தான் வாரத்தின் நடு. ஐம்பதுகளில் அந்தப் போட்டி தொடங்குவதற்கு ஓராண்டு முன்பே விம் கப்பலேறிவிட்டார். "நான் கிளம்பின நேரம் ஐரோப்பா என்று ஒன்று இல்லை, தியோ. ஹாலந்து இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஜெர்மனி இருந்தது, என் அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன ஜெர்மனி. ஐரோப்பாவை நான் இங்கே வந்துதான் கேட்டேன், ரேடியோவில்." லிஸ்பன், பெல்கிரேட், மிலான், ரீம்ஸ். முன்பு ராணுவச் செய்திகளில் மட்டும் கேட்ட ஊர்ப் பெயர்கள், கோல் எண்ணிக்கையோடு வரத் தொடங்கின. ஓர் ஊர்க்காரன் இன்னோர் ஊருக்குப் பந்தோடு போய், தோற்று, கைகொடுத்துவிட்டுத் திரும்பினான். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் பன்னிரண்டாயிரம் மைல் தள்ளி அவர் ஐரோப்பியர் ஆனாராம்.

"ரேஞ்சர்ஸுக்கு எதிரா இந்த ஆள் ஊர்க்காரங்க ரெண்டு ஆட்டத்தில பன்னிரண்டு கோல் போட்டாங்க," என்பார் டங்கன், ஹெல்முட்டைக் காட்டி. "ஒண்ணு ரெண்டு போட்டிருந்தா வெறுத்திருப்பேன். பன்னிரண்டு போட்டவனை எப்படி வெறுக்கிறது?"

1995 மே மாதம் அயாக்ஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த நாட்களில்தான் மூவரும் தனித்தனியே அங்கிளிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

விம் காரில் ஏற்றிக்கொண்டு போனபோது கேட்டார்: "நீ எந்த டீம், தியோ?"

அங்கிள் விம்மின் முகத்தைப் பார்த்தார். "அயாக்ஸ்."

ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறங்கியபடி ஹெல்முட் கேட்டார். "ஃபிராங்ஃபர்ட்."

டங்கன் கேட்டபோது யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது. "ரேஞ்சர்ஸ்தான், வேற என்ன?"

எங்களிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பிள்ளை, எங்கட பக்கம் ரோட்டில மறிச்சு, 'நீ ஆற்ற ஆள், எந்தப் பக்கம்?' எண்டு கேப்பாங்கள். கேக்கிறவன் ஆர் எண்டு பாத்துத்தான் மறுமொழி சொல்லவேணும். பச்சை உடுப்புப் போட்ட ஆமிக்காரன் எண்டா ஒண்டு. சாரம் கட்டின இயக்கப் பெடியன் எண்டா வேற. இந்தியன் ஆமி நிண்ட நேரம் இன்னொண்டு. பிழைச்சால் வீட்டுக்கு வரமாட்டாய். மூண்டு பேரும் கேட்ட உடன எனக்கு வாய் தானா வந்திட்டுது."

இறுதி ஆட்டம் மே 25, வியாழன் விடியற்காலை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்படி அவர் உற்சாகமாக இருந்தார். முதல் நாள் அம்மாவிடம் கேட்டுப் பன்னிரண்டு கறிபஃப் செய்யவைத்தார்.

"பந்து ஆடுறது வியன்னாவுல. கறிபஃப் போறது பென்ரோஸுக்கு. நல்லாருக்குலா கதை," என்று சொல்லிக்கொண்டே அப்பா இருட்டில் காரைக் கிளப்பினார்.

அங்கிள் அறைக்குள் நுழைந்தபோது ரேடியோ ஏற்கனவே பாடிக்கொண்டிருந்தது. "உட்காரு, தியோ. கண்ணை மூடு" என்றார் விம். மேசையில் ஏதோ வைக்கும் சத்தம். உடனே இன்னொரு சத்தம். பிறகு மூன்றாவது.  அவர் கண்ணைத் திறந்தார்.

மூன்று புதுக் குவளைகள். மூன்றிலும் தியோ என்ற பெயர். ஒன்றில் அதன் கீழே சிவப்பில் அயாக்ஸ். ஒன்றில் ஃபிராங்ஃபர்ட், ஒன்றில் ரேஞ்சர்ஸ். ஒருவருக்கொருவர் சொல்லாமல், அவரை ஆச்சரியப்படுத்த நினைத்து எழுதிக் காயவைத்திருந்தார்கள். கொக்கி ஒன்றுதான் இருந்தது.

டங்கன்தான் முதலில் சிரித்தார். "அடப்பாவி, மூணு கல்யாணம் பண்ணியிருக்கான்!"

ஹெல்முட் தன் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விம்மின் முகம் மட்டும் கறுத்துவிட்டது. "காரில் அரை மணி நேரம் அயாக்ஸைப் பற்றிப் பேசினாயே. அது என்ன, என்னைக் குழந்தை என்று நினைத்து ஏமாற்றினாயா?"

 என்ன பதில் வேண்டும் என்று அங்கிள் விம்மின் முகத்தில் தேடினாராம்; கோபத்தில் அது தெரியவில்லையாம்.

ஆட்டம் தொடங்கியது. அதன்பின் அவரை யாரும் பார்க்கவில்லை. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அயாக்ஸ் கோல் போட்டது. விம் எழுந்து கத்தினார். ஹெல்முட் அவரைக் கட்டிக்கொண்டு, "நம்ம பசங்க! நம்ம பசங்க!" என்றார். ஒரு ஜெர்மானியன் ஹாலந்து அணியை நம்ம பசங்க என்று சொன்னதை அங்கிள் கதவருகே நின்று கேட்டார். மெதுவாக வெளியே வந்து வேலையைத் தொடங்கிவிட்டார்.

மாலையில் கறிபஃப் பை திரும்பி வந்தது.

"என்ன லிங்கம், அவங்களுக்குப் பிடிக்கலையா?" அம்மா கேட்டாள்.

"நல்லாப் பிடிச்சது, அக்கா."

அம்மா பையைத் திறந்து எண்ணினாள். பன்னிரண்டும் இருந்தன. அவள் பையோடு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து அவர் பழையபடி மேடையில் வாளிகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ஜூன் அங்கே குளிர்காலம்; மழை சாய்வாக உள்ளே அடிக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் நடைக்கூடத்துப் போனில் உஷாவோடு பேசினார். பக்கத்து அறையில் நான் பாடம் எழுதிக்கொண்டிருப்பேன்.

"நேற்று விம் ஒரு பகிடி விட்டார், உஷா... ஓம், எல்லாரும் சேந்துதான் சாப்பிட்டனாங்கள்... ஹெல்முட் உன்னைச் சுகம் கேட்டவர்... இல்லை இல்லை, எனக்கென்ன, நல்லா இருக்கிறன்."

நேற்று சனிக்கிழமை. கிடங்கு மூடியிருந்த நாள். போனை வைத்தபின் கராஜுக்குப் போகக் கொல்லை வழியாக நடந்தவரின் காலடி, சரளைக்கல்லில் கேட்டது.

நான்காவது வாரம் ஹெல்முட் மேடைக்கு வந்தார். அறுபது வயது மனிதர். முழங்கால் வலியோடு ஒரு வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"நான் சுவிஸ்காரன் தெரியுமா?" என்றார்.

அங்கிள் வழக்கம்போல, "ஓம்" என்றார்.

"மண்ணாங்கட்டி. நான் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவன். ஆனால் ஐம்பத்தெட்டில் இங்கே வந்தபோது சுவிஸ்காரன் என்றுதான் சொன்னேன். ஜெர்மன் என்று சொல்லக்கூடிய காலமில்லை. பதிமூன்று வருஷம். அறுபதில் எங்கள் ஊர் கோப்பை இறுதி ஆட்டம் வரை போனது. அக்கா கடிதம் எழுதினாள். கிளாஸ்கோவில் மாட்ரிட்டிடம் ஏழுக்கு மூன்று தோல்வி. அதைச் சொல்லி அழக்கூட எனக்கு இங்கே ஆள் இல்லை. சுவிஸ்காரனுக்கு அதில் என்ன?"

அவர் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"எழுபத்தொன்றில் அயாக்ஸ் முதல் தடவை கோப்பை வென்ற காலை. விம் கேக் கொண்டுவந்தான். டங்கன் புதுப் பையன். பதினாலு வயதில் அந்தக் கிளாஸ்கோ ஆட்டத்தை நேரில் பார்த்தானாம், ஒரு லட்சத்துக்கு மேல் கூட்டம், முடிந்தபிறகும் யாரும் வீட்டுக்குப் போகாமல் கைதட்டினார்களாம், தோற்ற எங்களுக்கும் சேர்த்து. பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனவன், ஆரம்பம் முதல் மாட்ரிட்தான் முன்னால் என்றான். என்னால் பொறுக்க முடியவில்லை. 'இல்லை. முதல் கோல் எங்களுடையது' என்றேன்."

"பிறகு?"

"பிறகு என்ன? அறை செத்துப்போனது. விம் என்னையே பார்த்தான். பதிமூன்று வருஷம் பக்கத்தில் நின்று வேலை செய்தவன். கடைசியில் கேக்கில் ஒரு துண்டு வெட்டி என் பக்கம் தள்ளினான். அதை விழுங்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அடுத்த வாரம் அவன்தான் என் குவளையில் ஃபிராங்ஃபர்ட் என்று எழுதினான்."

சாலையில் ஒரு லாரி கடந்து போனது.

அங்கிள் தன் கதையைச் சொன்னார். சாலையில் மறிப்பவர்கள், பச்சை உடுப்பு, சாரம்.  முடிந்ததும் ஹெல்முட் கேட்டார்: "சரி, இப்போது சொல். உண்மையில் நீ எந்த டீம்?"

அங்கிளின் கண் ஹெல்முட்டின் முகத்துக்குப் போனது. ஹெல்முட் சட்டென்று திரும்பி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். "என் முகத்தைப் பார்க்காதே. மழையைப் பார்த்துச் சொல்."

அவர் மழையைப் பார்த்தார்.  உள்ளே எங்கே தேடியும் ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

"தெரியாது," என்றார்.

"சரி, வா. டீ ஆறுது."

விம் அவரைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். முழுதாகப் பேச இன்னும் இரண்டு வாரம் ஆயிற்று. மூன்று குவளைகளில் ஒன்றை டங்கன் பெயின்ட் கரைக்கும் தின்னர் போட்டுத் தேய்த்து, வெறும் வெள்ளையாக நான்காவது கொக்கியில் மாட்டினார். அதில் பிறகும் எதுவும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு மே மாதமும் டங்கன் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன தியோ, முடிவு பண்ணிட்டியா?" என்பார். "இன்னும் யோசிக்கிறன்" என்பார் இவர். விம் முனகுவார்: "நான் சாகறதுக்குள்ளே சொல்லு."

நான் எழுத நினைத்தது அந்தக் குவளையை அல்ல. ஹெல்முட் மேடைக்கு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமையை.

போன் எண்களை அவர் வழக்கம்போல நிதானமாக அழுத்தினார். மகளின் பள்ளிக்கூடம், லொட்ஜ்காரரின் சத்தம், விசாக் கடிதம் இன்னும் வராதது. பிறகு உஷா எப்போதும் கேட்கும் 'நல்லா இருக்கிறீங்களோ?' என்ற கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். வழக்கமாக அந்த இடத்தில் பதில் உடனே வரும். அன்று வரவில்லை. நான் பேனாவை நிறுத்திவிட்டேன். திறந்திருந்த கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. அவர் நடைக்கூடத்துக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே, அப்பாவின் நனைந்த காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரிசீவரில் உஷாவின் குரல் கூப்பிடுவது மெல்லக் கேட்டது.

"இல்லை, உஷா," என்றார். "நல்லா இல்லை. நான் இஞ்ச தனியத்தான் இருக்கிறன்."

அந்தப் பக்கமும் சத்தம் இல்லை. நிமிடத்துக்குக் காசு எண்ணும் கொழும்பு அழைப்பில் ஒரு நிமிடம் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் யாரும் செய்யாத காரியம். அவர் ரிசீவரைக் காதில் அழுத்தியபடியே நின்றார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அம்மாவிடம் போனேன்.